கேப்டன் ரிவார் அழுத பக்கம்

ஜனவரி 17

காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது உர்பேன் போன் செய்தான். "கிஸ்லென், உட்கார்ந்திருக்கியா, நின்னுக்கிட்டிருக்கியா?" என்றான். ஒரு காலில் ஷூவோடு நிற்கிறேன் என்றேன். "உட்காரு. ரிவார் திரும்ப வர்றார்."

உட்கார்ந்துவிட்டேன். மாடிப்படியில், ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக. பியெரார் வரைந்த கடைசி ரிவார் படக்கதை ஆல்பம் நான் கட்டாய ராணுவ சேவையில் இருந்த வருஷம் வந்தது. அதற்குப் பிறகு பியெரார் இறந்துபோனார். வேறு யாரும் வரையக்கூடாது என்று அவர் மகள் மதாம் ஆன்யெஸ் பிடிவாதமாக இருந்தார். இப்போது சம்மதித்துவிட்டாராம். கேப்டன் ரிவார், மஞ்சள் நிறக் கடல் விமானம், எல்லாம் மறுபடியும் — இலையுதிர் காலத்தில்.

பட்டறையில் நாள் முழுக்கப் பல்செட்டுக்குக் கம்பி வளைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா என்றால், தேவைதான்.

ஜனவரி 20

யார் வரையப்போகிறார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். இஸாலின் என்று ஒரு பெண். லியேஜ் ஊர்க்காரி, முப்பது வயது. இதுவரை குழந்தைகளுக்கு முள்ளெலிக் கதைகள் வரைந்திருக்கிறாள்.

"முள்ளெலி வரையறவகிட்ட விமானத்தைக் குடுத்திருக்காங்க பாரேன்" என்று உர்பேன் தலையில் அடித்துக்கொண்டான். ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவன். எங்கள் ரிவார் ரசிகர் சங்கத்துக்குத் தலைவர். யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான் அவனுக்கு. பொறுத்துப் பார்ப்போம், பக்கம் வரட்டும் என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

பிப்ரவரி 9

ஆல்பங்களை எல்லாம் கீழே இறக்கி முதலிலிருந்து படிக்கிறேன். சாப்பாட்டு மேசையில் இடமில்லை என்று மனைவி மிரெய் முணுமுணுக்கிறாள். "இந்த ஆளு எப்பவாவது சாப்பிடுவாரா? எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் ஓடிக்கிட்டே இருக்காரு" என்றாள். அப்பா வீட்டைவிட்டுப் போன குளிர்காலத்தில் இவர்தான் என்னோடு இருந்தார் என்று அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது. எல்லோருக்கும் ஒருத்தர் இருந்திருப்பார்.

இலையுதிர் காலம் சீக்கிரம் வரவேண்டும்.

மார்ச் 3

மூன்று பக்கங்களை முன்னோட்டமாக வெளியிட்டிருக்கிறார்கள். முதலாவது பரவாயில்லை. மூன்றாவதும் பரவாயில்லை. இரண்டாவது — எப்படிச் சொல்வது.

ரிவார் விமானத்தின் மிதவைமேல் உட்கார்ந்து அழுகிறார். அழுகிறார்! கூட்டாளி கடலில் மூழ்கியபோதுகூட அழாத மனிதர். முகத்தை ஒரு கையால் மூடியிருக்கிறார். அந்தக் கை கையாகவே இல்லை. கோடு நெளிகிறது, உடைகிறது. கட்டைவிரல் சாஸேஜ் துண்டு மாதிரி.

ரசிகர்களின் இணையக் குழுவில் எழுதினேன். அங்கே என் பெயர் மஞ்சள் இறக்கை. கொஞ்சம் மதிப்பு உண்டு. "பியெரார் செத்தாலும் இப்படி ஒரு கோடு போட்டிருக்கமாட்டார். ஓடுகிற பேருந்தில் உட்கார்ந்து வரைந்தது போலிருக்கிறது. கை வரையத் தெரியாதவர்களிடம் நம் கேப்டனைக் கொடுத்தது யார்?" இத்தனை வருஷமாகப் பல்லின் விளிம்பு பார்த்தவன். ஒரு கோடு நல்ல கோடா கெட்ட கோடா என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 4

எழுந்ததும் பார்த்தேன். என் வரியைத்தான் எல்லோரும் பகிர்ந்திருக்கிறார்கள். பல்கூடத் தேய்க்காமல் படித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

அந்தப் பெண் ஒரே ஒரு வரி பதில் போட்டிருக்கிறாள்: "அந்தப் பக்கத்தில் ஒரு கோட்டையும் மாற்றமாட்டேன்." விளக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை. திமிரைப் பார் என்று உர்பேன் எழுதினான். நான் அதற்கும் மேலே போய், பாரிஸில் ஒரு நல்ல ஓவியப் பள்ளியின் முகவரியைப் போட்டேன். சிரித்துத் தள்ளினார்கள். யாரோ அந்தக் கட்டைவிரலை மட்டும் வெட்டியெடுத்து, சாஸேஜுக்குத் தடவுவது போலக் கடுகுச் சாந்து தடவின மாதிரி படம் செய்தார்கள். அதற்கும் நான் கைதட்டினேன்.

மாலைக்குள் அவள் தன் இணையப் பக்கத்தையே மூடிவிட்டாள்.

மிரெய்யிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "அழுதா என்ன? விமானம் ஓட்டறவன் அழக்கூடாதா?" என்றாள். அவளுக்கு ரிவாரைத் தெரியாது என்றேன். "அந்தப் பொண்ணையும் உனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு வாணலியை — இல்லை, அதை எழுதவேண்டாம், சண்டை போட்டுக்கொண்டோம்.

மார்ச் 26, ஞாயிறு

இன்று சங்கத்தின் வருடாந்திர விருந்து. ஆற்றங்கரையில் வழக்கமான விடுதி. கறுப்புச் சிப்பி, உருளை வறுவல், பீர். சிறப்பு விருந்தினர் மதாம் ஆன்யெஸ். பல வருஷங்களுக்குப் பிறகு வந்திருக்கிறார்.

நான் என்ன செய்தேன் என்று எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கே நியாயம் கற்பிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துப் போயிருந்தேன். தப்புத் தப்பான கோடுகளை எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி. கட்டைவிரலுக்கு இரண்டு வட்டம். தட்டுகளை நகர்த்திவிட்டு அவர் முன்னால் விரித்தேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மதாம். பதிப்பகம் கேக்கும். இந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார்.

"இந்த சிவப்பு மை யாரோடது?"

"என்னோடதுதான் மதாம்." பெருமையாகச் சொன்னேன். பெருமையாக.

"இது அப்பா வரைஞ்சது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. உர்பேன்தான் இழுத்தான்: "இல்ல மதாம், இது அந்தப் புதுப் பொண்ணு —"

"அப்பா வரைஞ்சது. அவர் இறந்த வருஷம், குளிர் காலத்துல. கை நடுக்கம் வந்துடுச்சு. பேனா நிக்காது. ரப்பர் குழாயை மாட்டி, தடியாக்கிப் புடிச்சுக்குவார். இந்தக் கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு நாள் பூரா ஆச்சு. தாள் நகராம நான்தான் புடிச்சுக்கிட்டிருந்தேன்."

பக்கத்து மேசையில் யாரோ பில் கேட்கும் சத்தம். உர்பேன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"இத்தனை வருஷம் இழுப்பறையிலயே இருந்துச்சு. இஸாலின் பார்த்துட்டு, இதுல கை வைக்கமாட்டேன்னுட்டா. இந்த ஒரு பக்கம் பொருந்தணும்னு மீதிக் கதையவே மாத்தினாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன். புத்தகம் வந்தப்புறம் தெரியட்டும்னு. செத்தவரோட கடைசிப் பக்கம்னா எல்லாரும் தொப்பியக் கழட்டிக்கிட்டுத்தான் பார்ப்பாங்க. அப்பாவுக்கு அது புடிக்காது. சும்மா ஒரு பக்கமா பார்க்கட்டும்னு நெனச்சேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "பார்த்துட்டீங்க."

பிறகு எங்களிடமும் அதே வாக்கை வாங்கிக்கொண்டார். தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். கிழித்துப் போட்டிருக்கலாம், மூஞ்சியில் எறிந்திருக்கலாம். மடித்துக் கொடுத்தார்.

மார்ச் 27

ஒரு மேல்வரிசைப் பல்செட்டைப் பாழாக்கிவிட்டேன். விளிம்பு கோணிவிட்டது. கோணட்டும்.

பேருந்தில் உட்கார்ந்து வரைந்தது என்று எழுதினேன். ஒரு மனுஷன் சாவதற்கு முன்னால் மிச்சமிருந்த பலத்தை எல்லாம் திரட்டிப் போட்ட கோடு. உலகத்திலேயே அவர் கோடு தெரிந்தவன் நான்தான் என்று மார் தட்டியவன். எனக்குத் தெரிந்தது என்ன? நல்லா இருந்த காலத்துக் கையைத் தெரியும், அவ்வளவுதான். நொந்துபோன கையைத் தெரியலை. இதுதானா நான் அவரை நேசிச்ச லட்சணம்?

அந்தப் பெண். எல்லாம் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை — "இது பியெரார் வரைந்தது" — சொல்லியிருந்தால் நாங்கள் அத்தனை பேரும் தரையில் விழுந்திருப்போம். சொல்லவில்லை. நான் ஓவியப் பள்ளி முகவரி கொடுத்தேன்.

மிரெய்யின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லவும் முடியவில்லை, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 29

உர்பேனிடம் பேசினேன். நான் எழுதியது தப்பு என்று குழுவில் போடப்போகிறேன் என்றேன்.

"ஏன் தப்புன்னு கேப்பாங்களே, என்னன்னு சொல்லுவே?"

"சொல்லமாட்டேன். தப்புன்னு மட்டும் போடுவேன்."

"பைத்தியமாய்யா நீ? புத்தகம் வரட்டும். தானா தெரிஞ்சிடும். அப்ப எல்லாரும் சேர்ந்து அசடு வழிஞ்சுக்கலாம். கூட்டத்தோட கூட்டமா போயிடும்."

அவன் சொல்வதில் பாதி எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 2

எழுதிவிட்டேன். "இரண்டாம் பக்கத்தைப் பற்றி நான் சொன்னது தவறு. அது நல்ல பக்கம். அந்த ஓவியரை நான் கேலி செய்தது அதைவிடப் பெரிய தவறு. மன்னிக்கவேண்டும்." கீழே என் சொந்தப் பெயர்.

பதிப்பகத்தில் எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். பொண்டாட்டி திட்டினாளா என்றார்கள். கடுகுச் சாந்து படம் போட்டவன், மஞ்சள் இறக்கைக்கு இறக்கை வெட்டியாச்சு என்று எழுதினான். காரணத்தைச் சொல்லத் துடித்த துடிப்பு இருக்கிறதே! தட்டச்சு செய்து செய்து அழித்தேன். அப்போதுதான் உறைத்தது, அந்தப் பெண் இதை எத்தனை நாள் தாங்கியிருப்பாள் என்று. என்னைச் சொன்னதிலாவது நியாயம் இருக்கிறது.

ஏப்ரல் 5

பதில் எதையும் இனிப் படிப்பதில்லை. (படித்தேன்.)

செப்டம்பர் 22, வெள்ளி

ஆல்பம் வந்துவிட்டது. கடைசித் தாளில் மதாம் ஆன்யெஸ் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார், யாரையும் குற்றம் சொல்லாமல்.

கதைக்குள் வைத்துப் படிக்கும்போதுதான் அந்தப் பக்கம் என்ன செய்கிறது என்று தெரிகிறது. அழுதேன். மிரெய்யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தோளில் தட்டிவிட்டு, ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய் அவளும் படித்தாள்.

குழுவில் ஒரே கொண்டாட்டம். "முதல் நாளே நினைத்தேன், இது மாஸ்டரின் கை என்று" என்கிறார்கள். "அந்த நடுக்கத்தில்தான் எத்தனை உயிர்!" என்கிறான் கடுகுச் சாந்துக்காரன். பழைய கேலிகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. என்னுடையதை நான் அழிக்கவில்லை. இருக்கட்டும்.

செப்டம்பர் 30, சனி

நம்யூர் புத்தகக் கடையில் இஸாலின் கையெழுத்துப் போட வந்திருந்தாள். வரிசை தெருமுனை வரை. மடக்கு நாற்காலியும் ரொட்டிப் பொட்டலமுமாக விடிகாலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எங்கள் சங்கத்து ஆட்கள். உர்பேன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "நம்ம குடும்பத்துல ஒருத்திம்மா நீ" என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றாள்.

"கிஸ்லென். குழுவுல மஞ்சள் இறக்கைன்னு எழுதினவன்."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். நான் நினைத்ததைவிடச் சின்ன முகம்.

"ரெண்டையும் படிச்சேன். மொதல்ல எழுதினதையும், அப்புறம் எழுதினதையும்."

"மன்னிச்சிருங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"மதாம்தான் அழுதாங்க. நான் அழல. எனக்குக் கோபம். ரோட்டுல நின்னு கத்தணும் போல இருந்துச்சு, அது அவர் போட்ட கோடுய்யான்னு." கொஞ்சம் சிரித்தாள். ஆல்பத்தின் முதல் தாளைத் திருப்பி வரைய ஆரம்பித்தாள். ஒரு கடல் விமானம், அலை, தூரத்தில் கரை. மற்றவர்களுக்கு வரைந்த அதே அக்கறையோடு, அவசரப்படாமல்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அடுத்த ஆல்பம் எப்ப?" என்றேன்.

"நான் வரையல. ஏப்ரல்லயே சொல்லிட்டேன்." தலை நிமிரவில்லை. "கோடு போட உட்கார்ந்தா, சிவப்பு மையோட யாரோ தோள்கிட்ட நிக்கிற மாதிரியே இருக்கு. முள்ளெலி கிட்டயே போறேன். அது பாட்டுக்கு இருக்கும்."

வட்டம் போட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பின்னால் நின்றவர் இருமினார். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

மார்ச் 12

இரண்டாவது ஆல்பத்தின் முன்னோட்டப் பக்கங்கள் வந்திருக்கின்றன. வரைந்திருப்பவர் ஷார்ல்ரவா ஊர்க்காரர். பியெராரின் பழைய ஆல்பங்களைக் கரைத்துக் குடித்தவராம். அதே மூக்கு, அதே தாடை, விமானத்தில் ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை. குழுவில் திருவிழா. "இவர்தான் நம் ரிவார், இதற்காகத்தான் காத்திருந்தோம்" என்கிறார்கள்.

அச்செடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பல் பார்க்கும் உருப்பெருக்கியை வைத்து மூலைக்கு மூலை பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. கேப்டன் ஓடுகிறார், குதிக்கிறார், சுடுகிறார். யாரோ ஒரு ஆள் ஓடுகிற மாதிரி இருக்கிறது. நாங்கள் என்ன கேட்டோமோ அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

மத்தியானம் உர்பேன் போன் செய்தான்.

"எப்படி இருக்கு சொல்லு? நீ ரெண்டு வரி எழுதினா நல்லா இருக்கும்யா. பழசையெல்லாம் எல்லாரும் மறந்துட்டாங்க."

"கையெல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கு" என்றேன்.

"அதான்! அதையே போடு" என்றான், சந்தோஷமாக.