பைப்பை இறுக்கிப் பூட்டாதே

மனையாவெளி,
திருகோணமலை.
21.01.1979

அன்பு மகள் அருள்மலருக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் ஒருமாதிரி இருக்கிறோம், அந்த வெளிநாட்டுக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மன்றாடுகிறோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரோரப் பைப்புக்குள் தண்ணீர் உறைந்து, பைப் வெடித்து, குசினி முழுக்க வெள்ளம் நின்றது என்ற இடத்தில் அவ நம்பவில்லை, தண்ணி கட்டியானால் பைப் வெடிக்குமோ, பிள்ளை எதையோ மறைக்கிறாள் என்றா. இன்னொருமுறை வெடித்தால் அறையை விட்டு எழும்பவேண்டும் என்று வீட்டுக்காரி சொன்னதால், ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேரே ஓடிவந்து பைப்புக்குக் காவல் இருக்கிறாய், பாலன் பிறந்த நத்தார்ப் பூசைக்கும் போகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைவிட அடுத்த வரிதான் என்னை வாட்டுகிறது. பைப்பைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லி வீட்டுக்காரி முதலே சொன்னவ, சொட்டுச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு மனம் பொறுக்கவில்லை, எழும்பிப்போய் இறுக்கிப் பூட்டிவிட்டேன், அவ சொல்வது உண்மையா அப்பா என்று கேட்கிறாய்.

உண்மைதான் மகள். துறைமுக டொக்யாட்டில் இருபத்தெட்டு வருசம் பைப் வேலை செய்தவன் சொல்கிறேன். எனக்கு மேலே இருந்த ஸ்கொட்லாந்துத் துரை, பனிக்காலத்தில் தன் தாய் பைப்பை நூல் அளவுக்குத் திறந்துவிட்டுத்தான் படுப்பா, ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது என்று சொன்னவர். வெள்ளைக்காரரின் ஊதாரித்தனம் என்று நானும் என்னோடு வேலை செய்த பக்கீரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்களுக்குக் காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும்தான் தண்ணீர் வரும், அந்தப் புத்தியில்தான் உன்னை வளர்த்தேன். எட்டு வயதில் நீ சரியாகப் பூட்டவில்லை என்று பைப்புக்கு முன்னால் முழங்காலில் நிற்கவைத்தேனே, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நீ வெளிக்கிடும்போது கம்பளி, ஊறுகாய், செபமாலை எல்லாம் கட்டித் தந்தேன், துரை சொன்னது மட்டும் நினைவுக்கு வரவில்லை. பிழை என்னுடையது. பைப்பைப் பழைய கம்பளியால் சுற்று, குசினித் தொட்டிக்குக் கீழே அலுமாரி இருந்தால் கதவைத் திறந்து வை, அறைச் சூடு உள்ளே போகட்டும். தண்ணீர் வீட்டுக்குள் வருகிற இடத்துப் பெரிய திருகு எங்கே என்று கேட்டு வை, வெடித்தால் முதலில் அதைப் பூட்டவேணும். உறைந்துவிட்டால் நெருப்புக் காட்டாதே, சுடுதண்ணீரில் பிழிந்த துணியைச் சுற்று, பைப் வாய்ப் பக்கமிருந்து தொடங்கு.

இனி மறைக்க ஏலாது, ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. ஒக்டோபரில் அம்மாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. கதைக்கிறா, எழும்ப ஏலாது. தூக்கி இருத்த என்னைத் தவிர ஆள் இல்லை. மூன்று மாதமாக நான் வாசல் படலை தாண்டவில்லை, மீனும் மரக்கறியும் பக்கீர் கொண்டுவந்து தருகிறான். இன்று ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி கேட்கிறது, நான் அம்மாவின் கட்டிலடியில் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். சில நேரம் மூச்சு முட்டுகிறது, கத்தவேணும் போல இருக்கிறது, அவவுக்குக் கேட்குமே என்று வாயை மூடிக்கொள்கிறேன். இதைக் கேட்டு ஓடிவராதே. தாதிப் படிப்பில் இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது, இடையில் விட்டால் எல்லாம் வீண் என்று அம்மாவே சொல்லச் சொன்னா. நான் அம்மாவை விட்டு அசைய ஏலாது. நீ பைப்பை விட்டுவிட்டுப் போகலாம். எங்கள் இரண்டு பேரில் ஒருவராவது வாசல் தாண்டவேண்டும் மகள்.

அம்மா இடக்கையால் உன் படத்துக்குச் சிலுவை போட்டுவிடுகிறா. ஆண்டவர் உன் கூடவே இருப்பார். ஞாயிறு பூசைக்குப் போனேன் என்று ஒரு வரி எழுது, அது போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
ம. சூசைப்பிள்ளை

பி.கு: இன்று படுக்கும்போது பைப்பை நூல் அளவுக்குத் திறந்துவிடு. சொட்டுச் சத்தம் கேட்டால் எழும்பாதே. அப்பா ஏசமாட்டேன்.