மூக்குத்தி தொட வேண்டாத ரெக்கார்டு

கருப்பட்டி,

உன் பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது. சணல் சுற்றி, அரக்கு வைத்து, 'பிட்டர், டீ பாக்டரி' என்று, மிசின் பார்க்கிற உன் வேலையையே பேராக, கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. தபால்காரர் நம்ம எஸ்டேட்டு லயத்து வீட்டு வாசலில் நின்று என்னையே பார்த்தார். "ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி விடட்டுமா?" என்றார். நான் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிரித்ததும் அந்த வாசனை வந்தது. ஒரு தடவைகூட மழையில் நனையாத ரெயின்கோட்டு மாதிரி, புது ரெக்கார்டின் வாசனை. உள்ளே ஒரு தட்டும் ஒரு கடிதமும். அட்டையில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நாலு பேர் நிற்கிறார்கள். எஸ்டேட்டில் சின்ன மேனேஜராக இருந்த நம்ம சின்னதொரைதான் அனுப்பியிருக்கிறார். அவர் வேலை மாறி இந்த மலையை விட்டு இறங்கி மூணு வருசம். நீ போய் ரெண்டு வருசம். நீ இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் படித்தது மூணாம் கிளாஸ். தப்பிருந்தால் சிரிக்காதே. கருப்பட்டி என்று எழுதியதற்கும் கோபப்படாதே. ஒரே லயத்தில் வளர்ந்த அத்தை மகனை தாலி கட்டிய மறுநாளே 'என்னங்க' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "கட்டுன புருசன இப்படியாடி கூப்பிடுவ?" என்று உங்கம்மா கரண்டியைத் தூக்கும். நீதான், "விடும்மா, நிறத்தச் சொல்லுதா, இனிப்பச் சொல்லுதா, யாருக்குத் தெரியும்?" என்பாய். ரெண்டும் இல்லை. கடிக்கவே முடியாதவன் என்றுதான் வைத்தேன்.

பங்களாவுக்கு நீ முதலில் போனது ரெக்கார்டுப் பெட்டியை ரிப்பேர் பார்க்க. நானும் கூட வந்தேன், சமையல்காரருக்குப் பூண்டு உரித்துக் கொடுக்க. சின்னதொரையின் அக்கா சீமையில் இருந்து மாசாமாசம் புதுப் புதுப் பாட்டுக் கூட்டங்களின் தட்டாக அனுப்புவார். பெட்டி ஓடத் தொடங்கியதும் பங்களாக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. சமையல்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "இது பாட்டா? தகரக் கடையில எருமை பூந்த மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

நீ சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாய். பாக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலர் ஓடும்போது எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அதன் உடம்பில் கை வைப்பாயே, அதே மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து, "சார், கொட்டுக்காரன் பிந்துறான். பெல்ட் தொளதொளன்னு ஓடுற மாதிரி" என்றாய். சின்னதொரை ஊசியைத் தூக்கி மறுபடி வைத்து, விரலால் மேசையில் தட்டிப் பார்த்தார். "சரியாணல்லோ!" என்று குதித்தார். கோட்டயத்துக்காரர், சந்தோசம் வந்தால் மலையாளம்தான் வரும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் உனக்கு அங்கேதான் வேலை. புதுத் தட்டு ஒன்று ஓடும், நீ தரம் சொல்வாய். டீத்தூளைப் பிரிக்கிற மாதிரி மூணு தரம் வைத்திருந்தாய். கனமாக, போட்டதும் இறங்குவது டஸ்ட். வாசனை இருந்தும் கனமில்லாதது இலை. எடுத்து எறிய வேண்டியது குச்சி.

ஒருத்தன் ஒரு பக்கம் முழுக்க வீறிட்டுக் கத்தினான். "பேரிங் காஞ்சுபோன சத்தம் சார். ஆனா நிக்காம ஓடுது பாருங்க. எண்ணெ கிண்ணெ போட்டுக் கெடுத்துராதீங்க" என்றாய். இன்னொரு கூட்டத்துக்கு அட்டை ஜோராக இருந்தது. "எல்லாமே இருக்கு. ஆனா முன்ன வந்தவன் போட்ட தடத்துலயே நடக்கிறானுக. செருப்பு மட்டும்தான் புதுசு. இலை." மெதுவாக, மலை நகர்கிற மாதிரி ஒன்று வந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா வாடின கொழுந்து ரோலருக்குள்ள சுத்துது. அவசரமே இல்ல. இது டஸ்ட் சார், இதுக்கு மேல தரம் இல்ல" என்றாய். சின்னதொரை அந்த அட்டையின் பின்னால் உன் பேரையும் தரத்தையும் எழுதி வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஒரு தட்டின் நடுவில் திடீரென்று எல்லாம் அடங்கி, ஒரே ஒரு கித்தார் மட்டும், இலை நுனியில் தண்ணி சொட்டுகிற மாதிரி வந்தது. அழகாக இருந்தது. நீ பெட்டியில் இருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாய்: "பாட்டு முடிஞ்சு போச்சு சார்."

சின்னதொரை விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டீரோ! பிட்டர் சொன்னா சொன்னதுதான். இதெல்லாம் ஒரு பாட்டா, முடிஞ்சுபோன மாதிரிதான்!" சமையல்காரரும் சிரித்தார். நீயும் சேர்ந்து சிரித்தாய், ஆனால் உன் கண் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பூண்டோடு என் கை அப்படியே நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது தேயிலைக்கு நடுவில் நீ முன்னால் நடந்தாய். கருப்பட்டி என்று பின்னால் இருந்து மூணு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்லை. ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது.

"மெல்லிசா வர்றது எதுவும் இப்ப வரமாட்டேங்குது, புள்ள. கனமா வர்றது கையில வருது. அது போதும்."

"டாக்டர் கிட்டப் போவோம்."

"போனா எழுதிருவாரு. எழுதினா வேலை போகும், வேலை போனா லயம் போகும். எங்கம்மாவ எங்க கொண்டு வைப்ப? ரோட்டுலயா?" என் கையை எடுத்து உன் நெஞ்சில் வைத்துக்கொண்டாய். "நான் செத்தாலும் இது உன் வாயில இருந்து வரக்கூடாது."

சத்தியம் செய்தேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை. செத்தாலும் என்று யார்தான் சொல்லவில்லை?

அப்புறம் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஊரை ஏமாற்றினோம். பங்களாவில் உனக்கு நேர் எதிரே, படியில் நான் உட்காருவேன். பாட்டு மெல்லிசானால் மூக்குத்தியைத் தொடுவேன். கனம் திரும்பினால் கையை எடுப்பேன். நீ பெட்டியில் கை வைத்தபடியே என்னைப் பார்த்து, "இந்த எடத்துல சின்னதா ஒண்ணு வருதே, அது நல்லா இருக்கு சார்" என்பாய். வீட்டில் அதை நினைத்து நினைத்துச் சிரிப்போம். சிரித்தோமே கருப்பட்டி, சாமி அதையும் கேட்டிருக்கும்.

சின்னதொரை மாற்றலாகிப் போனார். மறு வருசம் மழை வந்தது. கொழுந்து மேலே கொழுந்தாக வந்து விழுந்த நாளில் ரோலர் பெல்ட் கழன்றதென்று எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நீ குனிந்து அதை மாட்டிக்கொண்டிருந்தாய். திரும்ப ஓட்டுவதற்கு முன்னால் பாக்டரி ஆள் சுடலை மணி அடிக்க வேண்டும், எல்லாரும் விலக வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். நான் மேலே மலைக்காட்டில் கூடையோடு நின்றேன். நேரமில்லாத நேரத்தில் சங்கு ஊதியது. கீழே ஓடி வரும்போதே தெரியும், ரோலருக்குள் போனது நீதான் என்று.

மூணாம் நாள் ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். சுடலை மூலையில் நின்றான். "அடிச்சேன் அக்கா. மூணு தடவ அடிச்சேன் அக்கா" என்று ஒரே பேச்சு. எழுதுகிறவர் என்னிடம் கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாத்தானே இருந்துச்சு?"

என் கை உன் நெஞ்சில் இருந்த மாதிரியே இருந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

காது கேட்கிறவன் விலகவில்லை என்றால் மணி அடிக்கவில்லை என்றுதானே அர்த்தம். அப்படித்தான் எழுதினார்கள். சுடலையை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சட்டி பானையோடு, பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் ஜீப் ஏறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஏதோ கம்பெனியில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி. இப்போது வேறு ஒருத்தன் மணி அடிக்கிறான். மேலே காடு வரைக்கும் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் என் கை மூக்குக்குப் போகிறது. மூக்குத்தியை உன்னோடு கழற்றிவிட்டார்கள், ஓட்டை மட்டும்தான் இருக்கிறது. விரல் அதைத் தொட்டுவிட்டு வருகிறது.

நேற்று தட்டை எடுத்துக்கொண்டு பஜாரில் மைக்செட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் போட்டார். ஒரு நிமிசத்தில், "என்னக்கா இது? கல்யாண வீட்ல போட்டா மாப்ள எந்திரிச்சு ஓடிருவான்!" என்றார். நான் பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். உன் அளவு எனக்கு வராது. ஆனாலும் சொல்கிறேன். புதுக் கூட்டம்தான், ஆனால் கொட்டுக்காரன் பிந்தவில்லை, முந்தவும் இல்லை. பாடுகிறவன் குரல் கொஞ்சம் குச்சி. ரெண்டாம் பக்கத்தில் வேகம் கூடிக்கொண்டே போய், எல்லா ரோலரும் ஒன்றாக ஓடுகிற மாதிரி ஓர் இடம் வருகிறது. முழங்கை வரைக்கும் ஏறியது. டஸ்ட். கடைக்காரர் பயந்துபோய், "அழாதீங்கக்கா, நிறுத்திர்றேன்" என்றார்.

பிறகுதான் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தப்பும் தவறுமான தமிழ், என்னுடையதைவிட மோசம். தப்பைத் தள்ளினால் அவர் எழுதியிருப்பது இது:

"பிட்டரே, இதைக் கேட்டு தரம் எழுதணும். மெல்ல வர்ற இடத்துல உங்க வீட்டம்மா மூக்குத்தி தொடுவாங்க, எனக்குத் தெரியும். நான் தெரியாத மாதிரி இருந்தேன். உங்க கைக்கு உள்ள காது எனக்கு இல்லை. இந்தத் தட்டுல மூக்குத்தி தொட வேண்டிய இடமே இல்லை. பயப்படாம கேளுங்க."

அவருக்கும் தெரியும். நீ மறைத்தாய், நான் மறைத்தேன், உன் மேல் உள்ள பிரியத்தில் அவரும் மறைத்தார். தெரியாமல் இருந்தது மணி அடித்தவனுக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை சின்னதொரை கடிதத்தோடு ஆபீசுக்குப் போகிறேன். காது கேட்காதவன் என்று உன்னை எழுதுவார்கள். நானும் கொழுந்து எடுக்கிறவள், நீ போனதற்குப் பிறகு லயத்தை என் பேருக்கு மாற்றிவிட்டார்கள், அத்தை ரோட்டுக்கு வராது. அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அது முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டது. சத்தியத்தை மீறுகிறேன். கோபப்படுவாயானால் படு. சுடலை இருக்கிற இடத்தைக் கேட்டு, பஸ் ஏறி அவன் வாசலிலும் போய் நிற்பேன்.

அந்த மணி, தூணில் மாட்டியிருக்கிற இரும்பு மணி. அடித்தால் தூண் அதிரும், தரை அதிரும். போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சுடலை அடித்தது மூணு தடவை. கனமாக வருவது எதையும் விடாத கை உன் கை. அந்த மூணில் ஒன்றாவது உன் உள்ளங்கைக்கு வந்ததா, கருப்பட்டி?