கடைசித் தாள் இல்லாத பேய்க்கதை

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் முட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

நேற்று தாம்பரம் பழைய புத்தகக் கடையில், "எல்லாரும் வாசிக்கிறது வேணாம்ண்ணா, விசித்திரமா ஒரு பேய்க்கதை குடுங்க" என்றேன். "இத யாரும் கேக்கறதே இல்லம்மா" என்று கடைக்காரர் மூட்டைக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினார். முதல் பக்கத்தில் சிலுவைக்குறி, கீழே 'தனசிங், பம்மல், 1991' என்று உங்கள் கையெழுத்து! பேய்க்கதை பாவம் என்று என் புத்தகத்தை அடுப்பில் போட்டவர் நீங்கள்தானே? ஒன்றும் புரியவில்லை, அப்பா.

கதையில் ஒரு வாடகை அறையின் சுவர்கள் தினமும் கொஞ்சம் நெருங்கி வருகின்றன. கடைசித் தாள் இல்லை. ஓரத்தில் பென்சிலால் 'தனியாக வாசிக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் வாடகை அறையில் தனியாகத்தான் வாசித்தேன். பயமெல்லாம் இல்லை. அம்மாவிடம் சொல்லாதீர்கள். முடிவை மட்டும் போனில் சொல்லுங்கள். இல்லை, முதலிலிருந்தே சொல்லுங்கள், மெதுவாக.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

ஜெரூஷா
அஸ்தினாபுரம்