மலையடியில் திறந்த படலை

அன்புள்ள மகன்,

நீ அனுப்பிய ஸ்கொட்லாந்து மலைப் படத்தைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்துவிட்டேன். அழகுதான். பச்சை மலை, அடியில் வயல், வயலுக்குள் செம்மறிகள், நடுவில் நீ. ஆனால் உனக்குப் பின்னால் வேலியின் வாசல் படலை திறந்து கிடக்கிறதே, அதைத் திறந்தது நீயா? செம்மறி வெளியே போனால் யார் பதில் சொல்வது? அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உங்களுக்கு மலையைக் காட்டினாலும் படலைதான் தெரியும்" என்று சிரித்தார்.

"வயலைக் குத்தகைக்குக் குடுத்திட்டு ரெண்டு பேரும் வாங்கோ" என்று போனில் சொல்வது உனக்குச் சுகம். அக்கராயனில் எங்கள் வயல்வெளி முழுவதற்கும் ஒரே சுற்றுவேலி. அதில் என் பங்கு வேலியை ஒழுங்காக அடைக்காவிட்டால் கட்டாக்காலி மாடுகள் எல்லோருடைய நெல்லையும் தின்றுவிடும். போன போகம் ஒருவர் தன் பங்கைக் குத்தகைக்காரனை நம்பி விட்டார், மாடுகள் புகுந்துவிட்டன. அவரை முதலில் ஏசியவன் நான்தான். இப்போது எந்த முகத்தோடு விமானம் ஏறுவது? எட்டாம் வகுப்போடு நின்ற மூளை, இதற்கு மேல் ஓடவில்லை.

எரிச்சல் உன்மேல் இல்லை. அம்மா அந்தப் படத்தில் மலையைப் பார்ப்பதில்லை, உன்னையே பார்க்கிறார். போகச் சொன்னால், "நீங்கள் வராட்டி நானும் போகமாட்டன்" என்கிறார்.

அதனால் அவருக்கு மட்டும் விமான ரிக்கற் போடு. அப்பா பின்னால் வருவார் என்று சொல். நான் பொய் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். நீ சொன்னால் நம்புவார்.

அன்புடன்,
அப்பா