தரையைத் தொட்ட பாவாடை

அக்கா,

காலையில் குளித்துவிட்டு வரும்போது பாவாடை ஓரம் காலில் சிக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் கணுக்காலுக்கு மேலேயே நின்ற பழைய பாவாடை அது. சட்டென்று உன் குரல்தான் காதில் விழுந்தது: "ஏய் குள்ளச்சி, இதுல ஒரு டக் புடிச்சு நீளத்தைக் குறைச்சுக் குடுடீ."

அல்சூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, இடுப்பு எலும்பு ஒடிந்து, பிளேட் வைத்து, தீபாவளிக்குள் எழுந்து நடந்துவிட்டாய். மர்பி டவுன் தெருவே மெச்சியது. "நான் இரும்புடீ" என்று பீற்றிக்கொண்டாய். கண்டம் கழிந்தது என்று நானும் தேங்காய் உடைத்தேன்.

அப்புறம்தான் உன் பாவாடைகள் ஒவ்வொன்றாக டக் பிடிக்க வர ஆரம்பித்தன. தையல் மெஷின் என்னிடம்தானே இருந்தது. "துவைச்சா துணி சுருங்கும். நீளுமா?" என்று கேட்டேன். "தொய்ஞ்சு போச்சு. கேள்வி கேக்காம தை" என்றாய். முதுகு வலித்தால் வாயு என்று பெருங்காய மோர். மறுபடி விழவில்லை, அடிபடவில்லை, டாக்டர் எதற்கு என்று ஒரே பிடிவாதம். நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் கொடியில் துணி போட எக்கினாய், எட்டவில்லை. உதவிக்கு வந்து பக்கத்தில் நின்றேன். உன் தலையும் என் தலையும் ஒரே மட்டம். "அடியே, நீ வளந்துட்டே" என்று சிரித்தாய்.

அன்றே உன்னை இழுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தேன். "இடுப்பு ஒடிஞ்சப்பவே முதுகையும் பாத்திருக்கணும்மா" என்றார் டாக்டர். "எலும்புல வலு இல்லைன்னா விழாமலே முதுகெலும்பு உள்ளுக்குள்ள அமுங்கும், ஆளும் குட்டையாயிடுவாங்க. ஒண்ணு அமுங்கினா அடுத்ததும் அமுங்கலாம்." உனக்கு ஏற்கெனவே பல அமுங்கியிருந்தன. கடைசியில் நீ கூனிப்போய், உன் முகத்தைப் பார்க்க நான் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

போன வருடம் என் இடுப்பும் ஒடிந்தது, அக்கா. நீ போய்ச் சேர்ந்த பிறகு நடந்தது, உனக்குத் தெரியாது. நானும் எழுந்து நடந்தேன், என்னையும் எல்லோரும் மெச்சினார்கள். இப்போது கொஞ்ச நாளாக நடு முதுகில் வலி. வாயு என்று சொல்லிவிடத்தான் எனக்கும் வாய் வருகிறது.

மருமகள் ஊசி நூலோடு வந்தாள். "ஒரு டக் புடிச்சுடட்டா அத்தை?"

"தைக்க வேணாம். ஆட்டோ கூப்பிடு" என்றேன்.

ஆட்டோ வரும்வரை இதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, அக்கா. பாவாடை ஓரம் தரையில்தான் புரள்கிறது. டாக்டரும் அதை அப்படியே பார்க்கட்டும்.