அந்த ஒரு வரி மட்டும்

ஹேரின் அப்பாவுக்கு,

மொக்போ துறைக்கு வந்தும் படகைவிட்டு நீங்கள் இறங்கவில்லையாமே. கிம்ச்சி ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன், சாப்பிடுங்கள்.

விடியற்கால ஜெபத்துக்குத் தவறாமல் போகிறேன். பரமண்டல ஜெபத்தில் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும்' என்கிற வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். நம் பிள்ளை ஹேரின்மேல் லாரியை ஏற்றிக் கொன்றவனை மன்னித்துவிட்டதாகக் கடவுளிடமே பொய் சொல்ல என்னால் ஆகாது. சபையே உரக்கச் சொல்வதால் யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்.

நேற்று என் பக்கத்தில் அந்த லாரிக்காரனுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். அதே வரியில் அவளும் வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் சீறினேன்.

"உங்களுக்கென்ன, சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லாம நான் எப்படிங்க கேக்கறது?"

இன்றும் நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து இடத்தில் ஹேரினுடைய வேதாகமத்தை வைத்து, அந்த அம்மா வரும்வரை யாரையும் உட்கார விடவில்லை.

திட்டுவதானாலும் வீட்டுக்கு வந்து திட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி