இஞ்சிப் பாலும் எடுக்காத போனும்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு இருமல் நின்றதா? உன்னைக் கேட்காமல் இன்னும் இரண்டு வருஷம் இந்த வெளிநாட்டு வேலையில் இருக்கக் கையெழுத்துப் போட்டேன் என்று நீ போனை எடுக்காமல் பதினெட்டு நாள் ஆகிறது. அதனால் பேனாவை எடுத்தேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

எங்கள் லாண்டரிக்கு மூன்று நாள் விடுமுறை. போனில் நம் ஊர் ஆட்கள் குரூப்பில் ஆளாளுக்கு அறையில் டீ, காபி என்று சூடாகப் போட்டுக் குடித்ததைப் படம் எடுத்துப் போட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? "என் சம்சாரம் போடுற இஞ்சிப் பாலுக்கு முன்னாடி இதெல்லாம் வெறும் வெந்நீர்" என்று அளந்துவிட்டேன்.

"அண்ணிகிட்ட பக்குவம் கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார்கள். நமக்குள் பேச்சே இல்லை என்று எப்படிச் சொல்வது? பச்சைப் பாலிலேயே இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க விடுங்கள் என்று நானே எழுதிவிட்டேன். ஏழு அறையில் பால் திரிந்துவிட்டது.

"அண்ணே, நிஜமாவே அண்ணிகிட்ட கேட்டீங்களா?" என்றான் குரூப்பில் இருக்கும் ஒரு வெல்டர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஊருக்கு வரும் டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் திரும்பும்போது இரண்டு பனியன் கொடுத்தனுப்பு. இங்கே தினமும் ஆயிரம் தலையணை உறை துவைக்கிறேன். இருந்தாலும் உன் தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு.

மாதக் கடைசிக்குள் கேட்டால் நான் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவதாக சூப்பர்வைசர் சொல்கிறார். நீ வா என்றால் வந்துவிடுகிறேன். டிரைவர் அவசரப்படுத்துகிறார். திட்டுவதற்காவது போனை எடு.

உன் வாயாடி